தாடை வலிக்கு போடாக்ஸ் ஊசி: யாருக்குப் பலன், யாருக்கு வீண் செலவு? முழு விளக்கம்

காலையில் கண் விழிக்கும்போதே கன்னம் கனக்கிறது. கொட்டாவி விட வாயைத் திறந்தால் காதுக்கு முன்னால் ‘டக்’ என்று ஒரு சத்தம். மத்தியானம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் நெற்றிப்பொட்டில் வலி. காது வலி என்று நினைத்து காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனால் ‘காது நல்லாத்தான் இருக்கு’ என்கிறார். பல் டாக்டரிடம் போனால் ‘சொத்தை எதுவும் இல்லையே’ என்கிறார். அப்புறம் வலி எங்கேதான் இருக்கிறது?

பெரும்பாலும் தாடை மூட்டில், இல்லையென்றால் அதை இயக்கும் தசைகளில்.

இந்த வலியை ஃபோனில் ஒருமுறை தேடிவிட்டால் போதும். அடுத்த நாளே விளம்பரம் வரும்: ‘ஒரே ஊசி, தாடை வலி காலி, முகமும் ஸ்லிம்!’ அந்த ஊசி போடாக்ஸ். சுருக்கம் போக நடிகர்கள் போட்டுக்கொள்வதாகக் கேள்விப்பட்ட அதே மருந்துதான். சென்னை, புதுச்சேரி போன்ற நகரங்களில் மட்டும் பேசப்பட்ட இந்தச் சிகிச்சையின் விளம்பரம் இன்று காரைக்கால் மாவட்டம் நெடுங்காடு கொம்யூனில் இருக்கும் குரும்பகரம் மாதிரியான கிராமத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவரின் ஃபோனுக்கும் வந்து சேர்கிறது. விளம்பரம் வந்துவிடுகிறது. அதோடு சொல்லவேண்டிய விவரங்கள்தான் வருவதில்லை.

இந்த ஊசி உண்மையில் என்ன செய்கிறது? ஆய்வுகள் என்ன சொல்கின்றன? யார் போட்டுக்கொள்ளலாம், யார் கூடாது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், தாடை மூட்டு எங்கே இருக்கிறது?

ஆள்காட்டி விரல்களை இரண்டு காதுகளுக்கும் சற்று முன்னால் வைத்து வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஏதோ உருண்டு நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த்தாடை எலும்பின் உருண்டையான முனை, மண்டையோட்டில் இருக்கும் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒரு வட்டு.

முழங்கை மாதிரி மடங்கி நீள்வது மட்டும் இதன் வேலை இல்லை. வாயைக் கொஞ்சம் திறக்கும்போது முனை சுழலும். அகலமாகத் திறக்கும்போது முன்னோக்கிச் சறுக்கும். இடது, வலது இரண்டு மூட்டுகளும் ஒரே எலும்பில் இருப்பதால் ஒன்று அசைந்தால் மற்றொன்றும் அசைந்தே ஆகவேண்டும். பேச, மெல்ல, விழுங்க, கொட்டாவி விட என நாள் முழுக்க இதற்கு வேலைதான்.

இதை இயக்கும் தசைகளில் முக்கியமானவை இரண்டு. கன்னத்தின் பின்பகுதியில், பல்லைக் கடித்தால் புடைத்துக்கொண்டு வருவது மாசிட்டர். நெற்றிப்பொட்டில் விசிறி மாதிரி விரிந்திருப்பது டெம்போராலிஸ். தாடை வலி தலைவலியாகத் தெரிவதற்கு இந்த இரண்டாவது தசையும் ஒரு காரணம்.

வலி வருவது ஏன்?

‘தாடை மூட்டு வலி’ என்பது ஒரே நோயின் பெயர் கிடையாது. மருத்துவர்கள் இதைப் பொதுவாக மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள்:

• தசை வலி: மூட்டு நன்றாக இருக்கும், மெல்லும் தசைகள் இறுகி வலிக்கும். அதிகம் பேருக்கு வருவது இதுதான்.

• வட்டு நகர்வது: மூட்டின் நடுவிலுள்ள வட்டு இடம் மாறும். ‘டக்’ சத்தம் வருவதும், சில சமயம் வாய் பாதியிலேயே மாட்டிக்கொள்வதும் இதனால்தான்.

• மூட்டுத் தேய்மானம், மூட்டு அழற்சி: முழங்காலில் வருவது போலவே இங்கேயும் வரலாம். மணலை அரைப்பது மாதிரி சத்தம் கேட்கும்.

ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். வலி இல்லாமல் வெறும் ‘டக்’ சத்தம் மட்டும் வந்தால் பெரும்பாலும் சிகிச்சையே தேவையில்லை. அமெரிக்காவின் தேசிய பல் மற்றும் முகத்தாடை ஆராய்ச்சி நிறுவனம், மக்களில் 5 முதல் 12 சதவீதம் பேருக்கு இந்தப் பிரச்சினை இருப்பதாகச் சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். முதுகுவலி, மூட்டுவலி எல்லாம் வயதாக ஆக அதிகரிக்கும். தாடை வலியோ இளம் வயதினரையும் நடுத்தர வயதினரையும்தான் அதிகம் தாக்குகிறது.

தூக்கத்தில் பல்லை நறநறவெனக் கடிப்பது, பகலில் தன்னை அறியாமல் பல்லை இறுக்கிப் பிடித்திருப்பது, மன அழுத்தம், தூக்கமின்மை, அடிபட்டது, மூட்டு நோய்கள் என இதற்குப் பின்னால் பல விஷயங்கள் இருக்கலாம். மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் பல் கடிக்கும் பழக்கத்தைக் கிளப்பிவிடலாம். டெட்லைன் நெருங்கும்போது உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்படி இருக்கின்றன என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால், தாடைத் தசை ஓவர்டைம் பார்க்கிறது என்று அர்த்தம்.

விஷம் எப்படி மருந்தானது?

போடாக்ஸ் என்பது ஒரு பிராண்டின் பெயர். உள்ளே இருப்பது பாட்டுலினம் டாக்ஸின். கெட்டுப்போன உணவில் வளரும் ஒரு பாக்டீரியா உண்டாக்கும் நச்சு இது. உலகில் அறியப்பட்ட மிகக் கொடிய விஷங்களில் ஒன்று.

1820-களில் ஜெர்மனியில் ஜஸ்டினஸ் கெர்னர் என்ற மருத்துவர், கெட்டுப்போன சாசேஜ் சாப்பிட்டு இறந்தவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். கண் இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது, தசைகள் செயலிழப்பது என அறிகுறிகளைப் பட்டியலிட்டவர், இந்த விஷத்தை மிகக் குறைந்த அளவில் மருந்தாகப் பயன்படுத்தலாம் என்றும் அப்போதே யோசித்தார். சாசேஜுக்கு லத்தீனில் ‘பாட்டுலஸ்’ என்று பெயர். நச்சுக்கு வந்த பெயர் அங்கிருந்துதான். 1895-ல் பெல்ஜியத்தில் ஒரு சாவு வீட்டில் வாசிக்கப்போன இசைக்குழுவினர் பன்றி இறைச்சி சாப்பிட்டு நோயில் விழுந்தபோது, எமில் வான் எர்மெங்கெம் அதற்குக் காரணமான பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார்.

கெர்னரின் யோசனை நிஜமாக ஒன்றரை நூற்றாண்டு ஆனது. சான்பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணைச் சரிசெய்ய இந்த நச்சைத் துளியளவு ஊசியாகப் போட்டுப் பார்த்தார். 1989-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் இதற்கு அனுமதி தந்தது. 2000-ல் கழுத்துத் தசை இறுக்கத்துக்கும், 2002-ல் புருவ மத்திச் சுருக்கத்துக்கும், 2010-ல் நாள்பட்ட ஒற்றைத் தலைவலிக்கும் அனுமதி கிடைத்தது.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனித்தீர்களா? தாடை மூட்டு வலி அதில் இல்லை. இன்றுவரை எஃப்டிஏ அதற்கு அனுமதி தரவில்லை. தாடை வலிக்கு போடாக்ஸ் போடுவது ‘ஆஃப் லேபிள்’ பயன்பாடு. அதாவது, வேறு நோய்களுக்காக அனுமதி பெற்ற மருந்தை மருத்துவர் தன் சொந்தப் பொறுப்பில் இதற்குப் பயன்படுத்துகிறார். இது சட்டவிரோதம் இல்லை. மருத்துவத்தில் வழக்கமாக நடப்பதுதான். ஆனால் அப்படிப் போடும்போது நோயாளியிடம் அதைச் சொல்லிவிட்டுப் போடவேண்டும்.

ஊசி உள்ளே போய் என்ன செய்யும்?

தசை சுருங்க வேண்டுமென்றால் நரம்பிலிருந்து ஒரு செய்தி வரவேண்டும். நரம்பின் நுனி அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை வெளியே விடும். அதைப் பெற்றதும் தசை சுருங்கும். பாட்டுலினம் நச்சு நரம்பின் நுனிக்குள் நுழைந்து, அந்த வேதிப்பொருளை வெளியே தள்ள உதவும் ஒரு புரதத்தை வெட்டிவிடும். செய்தி வராது, தசை சுருங்காது. மூளை ‘கடி’ என்று சொன்னாலும், அந்த உத்தரவு தசைக்குப் பாதிதான் போய்ச் சேரும். வலியைக் கடத்தும் சில பொருட்களையும் இது குறைக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஊசி போட்ட அன்றே ஒன்றும் தெரியாது. சில நாட்களில் ஆரம்பித்து, சுமார் 2 வாரத்தில் முழு விளைவு வரும். நரம்பு தன்னைச் சரிசெய்துகொள்ளும்போது, 3 முதல் 4 மாதத்தில் விளைவு தேய்ந்து போகும். வலிக்குக் காரணமான பழக்கம் அப்படியே இருந்தால் வலியும் திரும்ப வரும். அப்போது இன்னொரு ஊசி.

100 யூனிட் குப்பியில் நச்சின் அளவு சில நானோகிராம்தான். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு. அதனால்தான் அளவும் இடமும் கையும் இவ்வளவு முக்கியம்.

சரி, வலி குறையுமா?

இங்கேதான் விளம்பரமும் ஆய்வும் இரண்டு பக்கமாகப் பிரிகின்றன.

2011-ல் ஸ்வீடன், டென்மார்க் ஆய்வாளர்கள் நாள்பட்ட தாடைத் தசை வலி இருந்த 21 பேருக்கு ஒருமுறை போடாக்ஸும் இன்னொருமுறை வெறும் உப்புநீரும் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். எது எப்போது போடப்படுகிறது என்று நோயாளிகளுக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருந்ததாக நிரூபிக்க முடியவில்லை.

2020-ல் பிரேசில் ஆய்வாளர்கள் 100 பெண்களிடம் நடத்திய ஆய்வு வேறு மாதிரி முடிந்தது. உப்புநீரைவிட போடாக்ஸ் வலியைக் குறைத்தது. ஆனால், பல்லில் மாட்டிக்கொள்ளும் ‘ஸ்பிளின்ட்’ போட்டவர்களுக்குக் கிடைத்த நிவாரணத்தைவிட அதிகமாக இல்லை. கூடவே, மருந்தின் அளவு கூடக்கூட தசையும் எலும்பும் மெலிவதும் தெரிந்தது.

இப்படி முன்னும் பின்னுமாக இருக்கும் ஆய்வுகளை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டுதலை வெளியிட்டது. மூன்று மாதம் அல்லது அதற்கு மேல் நீடிக்கும் தாடை வலிக்கு எந்தச் சிகிச்சை சரி என்பதுதான் கேள்வி. அதன் சுருக்கம் இது:

• உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டவை: நிபுணர் மேற்பார்வையில் தாடைப் பயிற்சி, நீட்சிப் பயிற்சி, உட்காரும் நிலையைச் சரிசெய்யும் பயிற்சி, தசை முடிச்சுகளைக் கையால் அழுத்தித் தளர்த்துவது, சிபிடி எனப்படும் மனநலச் சிகிச்சை, வீட்டிலேயே செய்யும் பயிற்சியும் சரியான விளக்கமும்.

• பொதுவாக வேண்டாம் என்று சொல்லப்பட்டவை: போடாக்ஸ் ஊசி, ஸ்டீராய்டு ஊசி, மூட்டுக்குள் போடும் ஹயலுரானிக் ஆசிட் ஊசி, மூட்டைக் கழுவும் சிகிச்சை, கழற்றி மாட்டும் ஸ்பிளின்ட், லேசர் உள்ளிட்டவை.

• கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லப்பட்டவை: பல் அமைப்பையே நிரந்தரமாக மாற்றிவிடும் ஸ்பிளின்ட், வட்டை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சை, ஓபியாய்டு வகை வலிநிவாரணிகளைச் சாதாரண வலிநிவாரணிகளோடு சேர்த்துத் தருவது.

இரண்டாவது வரிசையை ‘தடை’ என்று படிக்கவேண்டியதில்லை. ‘பெரும்பாலானோருக்கு இதில் கிடைக்கும் லாபம், செலவுக்கும் ஆபத்துக்கும் ஈடாகாது’ என்றுதான் அர்த்தம். சில குறிப்பிட்ட நோயாளிகளுக்கு மருத்துவர் வேறு முடிவு எடுக்கலாம். ஆனால் ‘முதல் சிகிச்சையே போடாக்ஸ்தான்’ என்று யாராவது சொன்னால், கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும்.

அப்படியென்றால் யாருக்குத்தான் பலன்?

• தாடைத் தசைகள் தானாகவே இழுத்துக்கொண்டு முறுக்கும் ‘டிஸ்டோனியா’ என்ற நரம்புப் பிரச்சினை உள்ளவர்களுக்கு இந்த ஊசி முக்கியமான சிகிச்சை.

• அடிக்கடி தாடை நழுவி, வாய் திறந்தபடியே மாட்டிக்கொள்பவர்களில் சிலருக்கு நிபுணர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

• பயிற்சி, பழக்க மாற்றம் எல்லாவற்றையும் சில மாதம் ஒழுங்காகச் செய்த பிறகும் தசை வலி குறையாதவர்களுக்கு, இதை ஒரு கூடுதல் வழியாக யோசிக்கலாம்.

வட்டு நகர்ந்ததாலோ, மூட்டுத் தேய்மானத்தாலோ வரும் வலிக்கு இது நேரடி மருந்து இல்லை. ஊசி தளர்த்துவது தசையை. இடம் மாறிய வட்டை அது பழைய இடத்தில் கொண்டுவந்து வைக்காது. அதனால்தான், ‘எனக்கு இருப்பது தசை வலியா, மூட்டு வலியா?’ என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் ஊசிக்குப் போகவே கூடாது.

பக்க விளைவுகள் என்ன?

ஊசி போட்ட இடத்தில் வலி, ரத்தக்கட்டு, சில நாள் தலைவலி இவை சாதாரணம். சில வாரங்களுக்கு மெல்லும் பலம் குறையும். இறைச்சி, முறுக்கு மாதிரி ஐட்டங்களோடு போராடவேண்டி வரும். மருந்து பக்கத்துத் தசைக்குப் பரவினால் சிரிப்பு ஒரு பக்கமாகக் கோணலாம். இது நிரந்தரம் இல்லை என்றாலும், சரியாகும்வரை கல்யாண ஆல்பம், இன்டர்வியூ எல்லாவற்றிலும் அந்தச் சிரிப்புதான்.

வெளியே அதிகம் பேசப்படாத விஷயம் எலும்பு. தசை இழுத்துக்கொண்டே இருந்தால்தான் எலும்பு பலமாக இருக்கும். முயல்களில் நடந்த ஆய்வுகளில் மாசிட்டர் தசைக்கு இந்த ஊசி போட்ட பிறகு தாடை மூட்டின் எலும்பு அடர்த்தி குறைந்தது. மனிதர்களில் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல இல்லை. ஆனாலும் அதிக அளவில், திரும்பத் திரும்பப் போடும்போது கவனம் தேவை என்பதில் நிபுணர்களுக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ‘முகம் ஸ்லிம் ஆகும்’ என்று விளம்பரம் சொல்வதற்குப் பின்னால் இருப்பதும் இதே தசை மெலிவுதான்.

அரிதாக, நச்சின் விளைவு ஊசி போட்ட இடத்தைத் தாண்டிப் பரவலாம். 2009-ல் எஃப்டிஏ இந்த வகை மருந்துகள் அனைத்தின் மீதும் கடுமையான எச்சரிக்கையை அச்சிடச் சொன்னது இதற்காகத்தான். விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், இமை தொங்குவது, மூச்சுத் திணறல் வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழைக்கவேண்டும். ஊசி போட்டு பல நாட்கள், ஏன் சில வாரங்கள் கழித்தும் இவை வரலாம்.

யார் போட்டுக்கொள்ளக் கூடாது?

• கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள்

• மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு-தசை நோய் உள்ளவர்கள்

• ஊசி போடவேண்டிய இடத்தில் தொற்று உள்ளவர்கள்

• இந்த மருந்துக்கு முன்பே அலர்ஜி வந்தவர்கள்

ஜென்டாமைசின் மாதிரியான சில ஆன்டிபயாடிக், ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை, தசை தளர்த்தும் மாத்திரை என எது எடுத்துக்கொண்டிருந்தாலும் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

போலி மருந்து: கவனிக்கவேண்டிய ஆபத்து

2024 ஏப்ரலில் அமெரிக்காவில் 11 மாநிலங்களில் 22 பெண்கள், போலியான அல்லது முறையாகக் கையாளப்படாத போடாக்ஸ் ஊசியால் பாதிக்கப்பட்டதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அவர்களில் 11 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தகுதி இல்லாதவர்கள், மருத்துவமனை அல்லாத இடங்களில் போட்ட ஊசிகளும் இதில் அடக்கம்.

இது குளிரில் வைக்கவேண்டிய மருந்து. குப்பி 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்கவேண்டும். உப்புநீரில் கலந்துவிட்டால் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிடச் சொல்கிறது தயாரிப்பு நிறுவனத்தின் குறிப்பு. டெல்டா வெயிலில் அடிக்கடி கரன்ட் போகும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. இன்னொன்று: ஒரு பிராண்டின் யூனிட்டும் இன்னொரு பிராண்டின் யூனிட்டும் சமம் கிடையாது. போடாக்ஸில் 50 யூனிட் என்பதும் டிஸ்போர்ட்டில் 50 யூனிட் என்பதும் ஒரே அளவு என்று நினைத்துவிடக் கூடாது.

வாய் திறக்கவில்லையா? பாக்குப் போடுபவர்கள் இதைப் படியுங்கள்

வாய் சரியாகத் திறக்காததற்கெல்லாம் தாடை மூட்டு காரணம் இல்லை. நம் ஊரில் இதற்கு இன்னொரு பெரிய காரணம் உண்டு: பாக்கு, குட்கா, பான் மசாலா. தொடர்ந்து பாக்கு மெல்பவர்களுக்கு வாயின் உள்தோல் வெளுத்து, நார் மாதிரி இறுகிக்கொண்டே போகும். காரம் பட்டால் எரியும். வாய் திறக்கும் அளவு மாதத்துக்கு மாதம் குறையும். ‘சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ்’ எனப்படும் இது, வாய்ப் புற்றுநோயாக மாறும் வாய்ப்புள்ள நிலை.

ஒரு எளிய சோதனை: உங்கள் ஆள்காட்டி விரல், நடு விரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவில் வைக்க முடிகிறதா? பெரியவர்களுக்குப் பொதுவாக 40 மி.மீ. அளவுக்கு மேல் வாய் திறக்கும். மூன்று விரல் போகவில்லை, பாக்குப் பழக்கமும் இருக்கிறது என்றால், முதலில் பார்க்கவேண்டியது வாயின் உட்பகுதியை. இந்த நேரத்தில் போடாக்ஸுக்குச் செலவழிக்கும் மாதங்கள், புற்றுநோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும் வாய்ப்பைத் தொலைக்கும் மாதங்கள்.

இன்னும் சில எச்சரிக்கைகள்:

• நடக்கும்போதோ படி ஏறும்போதோ தாடையில் வலி வந்து, நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு வாங்குவது இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனை.

• 50 வயதைத் தாண்டியவர்களுக்குப் புதிதாக நெற்றிப்பொட்டு வலி, மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல் சேர்ந்து வந்தால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். பார்வையே போகும் ஆபத்து உண்டு. அதே நாளில் டாக்டரைப் பார்க்கவேண்டும்.

• காய்ச்சல், முகவீக்கம், ஆறாத புண், கழுத்தில் கட்டி, முகம் மரத்துப்போவது இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

டெல்டாவில் இருப்பவர்கள் எங்கே போகலாம்?

குரும்பகரத்தில் இருப்பவருக்கு முதல் படி காரைக்கால் அரசு பொது மருத்துவமனை. பல், காது, நரம்பு ஆகியவற்றில் பிரச்சினை இல்லை என்று உறுதி செய்துகொள்ள அதுவே போதும். அதற்கு மேல் தேவைப்பட்டால் பல் மருத்துவக் கல்லூரிகளில் இருக்கும் ‘வாய் மருத்துவம்’, ‘முகத்தாடை அறுவை சிகிச்சை’ துறைகளைப் பார்க்கலாம். சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுச்சேரியில் அரசின் மகாத்மா காந்தி பல் மருத்துவ முதுநிலைக் கல்வி நிறுவனம் இருக்கிறது. ஜிப்மரிலும் பல் மருத்துவத் துறை உண்டு. காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்கு சுமார் 130 கி.மீ.

இந்தத் தூரத்தையும் கணக்கில் வைக்கவேண்டும். ஊசி ஒருமுறையோடு முடியாது. வருடத்துக்கு மூன்று முறை போடவேண்டி வந்தால், ஒரு தடவை சொல்லும் தொகையை மூன்றால் பெருக்கி, பஸ் செலவையும் லீவு நாளையும் சேர்த்துப் பாருங்கள். மருத்துவக் காப்பீடு இதற்குப் பணம் தருமா என்பதைச் சிகிச்சைக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. அழகு சிகிச்சை என்று சொல்லி மறுத்துவிட வாய்ப்பு இருக்கிறது.

ஊசிக்கு முன் கேட்கவேண்டிய 7 கேள்விகள்

1. எனக்கு இருப்பது தசை வலியா, வட்டுப் பிரச்சினையா, மூட்டுத் தேய்மானமா?

2. ஊசிக்கு முன்னால் நான் முயற்சி செய்யவேண்டியது வேறு என்ன இருக்கிறது?

3. இது ஆஃப் லேபிள் பயன்பாடுதானே? ஒப்புதல் படிவத்தில் அது எழுதப்பட்டிருக்கிறதா?

4. எந்த பிராண்ட், எத்தனை யூனிட், எந்தத் தசையில்?

5. குப்பியை என் முன்னால் திறப்பீர்களா? பேட்ச் எண்ணும் காலாவதி தேதியும் பில்லில் வருமா?

6. இதுவரை தாடைத் தசைக்கு எத்தனை பேருக்குப் போட்டிருக்கிறீர்கள்? உங்கள் கவுன்சில் பதிவு எண் என்ன?

7. பலன் இல்லையென்றால் அடுத்து என்ன? எத்தனை முறைக்குப் பிறகு நிறுத்துவோம்?

இந்தக் கேள்விகளுக்கு நல்ல டாக்டர் கோபப்படமாட்டார். கோபப்பட்டால், அதுவும் ஒரு பதில்தான்.

இன்று ராத்திரியே ஆரம்பிக்கக்கூடியவை

காசு செலவில்லாத, ஆய்வுகளும் ஆதரிக்கிற விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

உதடு சேர்ந்திருக்கட்டும், பல் பிரிந்திருக்கட்டும், நாக்கு நுனி மேலண்ணத்தில் மெதுவாகத் தொட்டிருக்கட்டும். தாடை ஓய்வில் இருக்கவேண்டிய நிலை இதுதான். சாப்பிடும்போதும் எச்சில் விழுங்கும்போதும் தவிர மற்ற நேரத்தில் பல்லோடு பல் தொடத் தேவையில்லை. மானிட்டரில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டிவைத்து, அது கண்ணில் படும்போதெல்லாம் பல் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கன்னத்தில் 10 முதல் 15 நிமிடம் வைத்து ஒத்தடம் கொடுக்கலாம். பிறகு நாக்கை மேலண்ணத்தில் வைத்தபடியே வாயை மெதுவாக, வலிக்காத அளவுக்கு ஆறு முறை திறந்து மூடுங்கள். ஒரு நாளைக்குச் சில தடவை இப்படிச் செய்யலாம். வலி கூடினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள்.

வலி அதிகமாக இருக்கும் ஒன்றிரண்டு வாரம் இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், மீன் மாதிரி மெதுவான சாப்பாடு நல்லது. கரும்பு கடிப்பது, நண்டு ஓட்டைப் பல்லால் உடைப்பது, நாள் முழுக்க சூயிங்கம் மெல்வது எல்லாவற்றுக்கும் லீவு விடுங்கள். மாங்கனித் திருவிழாவில் கையில் கிடைத்த மாம்பழத்தையும் கடிக்காமல் நறுக்கிச் சாப்பிடுங்கள். கொட்டாவி வரும்போது முகவாய்க்குக் கீழே கையை முட்டுக்கொடுங்கள். ஃபோனைத் தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு பேசாதீர்கள். சாயங்காலத்துக்கு மேல் காபியைக் குறைத்து, தூக்கத்தைச் சரிசெய்யுங்கள்.

தாடை வலி வந்தவர்களில் நிறைய பேருக்கு இப்படி எளிய சிகிச்சையிலேயே சில வாரங்களிலோ மாதங்களிலோ வலி குறைந்துவிடுகிறது. போடாக்ஸ் ஏமாற்று வேலை இல்லை. சரியான ஆளுக்கு, சரியான காரணத்துக்கு, சரியான கையால் போட்டால் உதவும் மருந்து. ஆனால் அது வரிசையில் முதலில் நிற்கவேண்டிய மருந்து கிடையாது. ஆறு வாரம் பயிற்சியை ஒழுங்காகச் செய்து பாருங்கள். அப்புறமும் வலித்தால், இந்த ஏழு கேள்விகளை ஃபோனில் சேவ் செய்துகொண்டு நிபுணரிடம் போங்கள்.